பதினொன்றால் வகுபடாதவள்

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் இருந்த பெண் என் மனைவியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்படி ஒரு நம்பரே இருக்க முடியாது சார்."

"ஏம்மா, இத்தனை வருஷமா இதே நம்பருக்குத்தானே மருந்து கொடுத்தீங்க?"

"அப்ப கையால எழுதினோம். இப்ப மெஷின் வகுத்துப் பார்க்குது. எல்லா நம்பரும் பதினொண்ணால மீதியில்லாம வகுபடணும். இது ஒண்ணு மிஞ்சுது. ஏதோ ஒரு இலக்கம் தப்பா அச்சாகியிருக்கு."

5827146392. ஐந்நூற்று எண்பத்திரண்டு கோடியே சொச்சம். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இவ்வளவு பெரிய எண்ணில் ஒன்று மிஞ்சினால் யார் குடி முழுகிவிடும் என்று எரிச்சல் வந்தது. போனில் வகுத்தேன். மிஞ்சத்தான் செய்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். ஊசியை இன்றே போட்டாக வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். வெளியே எந்தக் கடையிலும் அது கிடைக்காது. இங்கே பூசாரிக்குக்கூட மனசு இருந்தது, மெஷினுக்குத்தான் இல்லை.

"பேரை வெச்சுத் தேடேன்மா."

"அது தலைமை ஆபீஸ்லதான் முடியும். நாலு நாள் ஆகும் சார்."

பெஞ்சில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, ஆச்சா?" என்றாள்.

"ஆயிட்டே இருக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்த ஒண்ணைக் கழிச்சுப் பாரும்மா" என்றேன். கடைசி இலக்கமான இரண்டை ஒன்றாக்கினாள். மெஷின் ஏற்றுக்கொண்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரையில் யாரோ ஒரு பெரியவர், போன வருடமே இறந்தவர்.

அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். சில இலக்கங்களில் ஒன்றைக் குறைத்தால் போதும், மற்றவற்றில் ஒன்றைக் கூட்டினால் போதும், மொத்த எண்ணும் பதினொன்றால் வகுபட்டுவிடும். ஒன்றைக் கூட்ட வேண்டிய அந்த ஒன்பதுக்கு மட்டும் மேலே போக இடமில்லை. மற்ற எதை மாற்றினாலும் சரியான எண்தான். அதில் எது என் மனைவி?

முதல் இலக்கமான ஐந்தை ஆறாக்கினோம். ஒரு நாலு வயதுக் குழந்தை வந்தது.

"இன்னும் ஒரு தடவைதான் சார். அதுவும் தப்பானா இன்னைக்கு மெஷின் திறக்காது."

மிச்சம் ஏழு இலக்கங்கள். கையைப் பிசைந்துகொண்டு பெஞ்சுக்குப் போனேன்.

"உனக்கு எந்த நம்பர் பிடிக்கும்?"

"நல்ல நேரம் பார்த்தீங்க, இதைக் கேக்க." சிரிக்கப்போய் இருமினாள். "எட்டு."

எட்டை ஏழாக்கச் சொன்னேன். திரையில் ஒரு பெண். என் மனைவியின் வயதுதான். பெயர் வேறு.

ஜன்னல் பெண் என் முகத்தைப் பார்க்காமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கோபப்பட ஆள் தேடினேன். யாரும் இல்லை.

"நான் கிடைச்சேனா?" என்றாள் மனைவி.

"கிட்டத்துல வந்துட்டோம். ஒரே ஒரு இலக்கம்தான்."

திணறிக்கொண்டே நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. உட்கார்ந்தேன்.