பிரிட்ஜை அணைத்துவிட்டு உள்ளே வரவும்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. நான் எழுத உட்கார்ந்தது ஓர் அறிவிப்புப் பலகை. நாமக்கல்லுக்கு முன்னால், பைபாஸில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் என் நண்பர் நவநீதகிருஷ்ணன் கேட்டார்: "கேரவன் வண்டிக்காரங்களுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. பிரிட்ஜை அணைச்சுப்போட்டு உள்ள வரோணும்னு. நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே."

பிரிட்ஜை எதற்கு அணைக்க வேண்டும் என்று கேட்டேன். உள்ளேயே தங்கிப் பயணம் போகும் சில கேரவன்களில் பிரிட்ஜ் கரண்டில் ஓடுவதில்லையாம், கேஸில் ஓடுகிறதாம். பிரிட்ஜின் பின்பக்கம் சின்னதாக நீலத் தீ எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிர்கிறது. (நானும் நம்பவில்லை. தேடிப் படித்தேன், உண்மைதான்.) பெட்ரோல் ஆவி உலாவும் இடத்தில் அந்தத் தீ எரியக் கூடாது. போன மாதம் அப்படி ஒரு வண்டி வந்தது, பங்கில் வேலை செய்யும் பெண் அணைக்கச் சொன்னாள், வண்டியிலிருந்த அம்மா அழுதுவிட்டார்.

"ஒரு பிரிட்ஜுக்குப் போயி அழுவாங்களாங்க?" என்று சிரித்தார் நவநீதகிருஷ்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "அந்த நீலத் தீ விதியைப் போல—" வேண்டாம். விதியை இழுத்தால் நானே மேற்கொண்டு படிக்க மாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "சுகன்யா எதையும் புரிந்துகொள்ளாத பிடிவாதக்காரி. அவள்—" இதையும் அடித்துவிட்டேன். அவளை முட்டாளாக்கினால் பலகைக்கு வசதி. ஆனால் அழுத பெண்ணை நானும் சேர்ந்து கேலி செய்ததாகிவிடும்.

மூன்றாவது, உருப்படியானது: வெண்ணந்தூர் ஜெயபிரகாஷ் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, வேலை இல்லாத நாட்களில் தானே தட்டிக்கொட்டிக் கேரவனாக மாற்றினார். அவருக்கும் சுகன்யாவுக்கும் ஒரே மகள், யாழினி, பத்து வயது. சின்னதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. கையிருப்பு மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும் என்பதால் அவர்கள் இரவு தங்கும்படி எங்கேயும் போனதில்லை. யாழினி கடலைப் பார்த்ததே இல்லை. வண்டிக்குள் கேஸ் பிரிட்ஜ் வந்த பிறகுதான் கன்னியாகுமரி என்ற பேச்சே வீட்டில் எழுந்தது.

(பக்கக் குறிப்பு: பிரிட்ஜ், பெங்களூரில் ஒரு வெளிநாட்டு வண்டியைப் பிரித்தபோது வாங்கியது. சுகன்யா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். வண்டிக்குத் தேங்காய் உடைத்தபோது அதற்கும் சேர்த்துச் சுற்றினார்கள்.)

3

எனக்கே ஒரு சந்தேகம். தீ எரியும் வண்டியைத் தெரிந்தே ஒருவர் பங்குக்குள் ஓட்டி வருவாரா?

ஜெயபிரகாஷ் வருவார். அவர் டீசலோடு வளர்ந்தவர். டீசலில் விழுந்த தீக்குச்சி அணைந்துபோவதைப் பட்டறையில் பார்த்திருக்கிறார். டிரைவர்கள் லாரி நிழலில் ஸ்டவ் வைத்துக் குழம்பு கொதிக்கவிடுவதைத் தினமும் பார்க்கிறார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

பங்கில் வேலை செய்யும் சித்ரா, வண்டியின் பக்கவாட்டில் பிரிட்ஜுக்குக் காற்றுப் போக வைத்த கம்பிச் சல்லடைக்குள் தீயைப் பார்த்துவிட்டாள். கையில் எடுத்த டீசல் குழாயைத் திரும்ப மாட்டினாள்.

"ஏனுங்ணா, உள்ள தீ எரியுதுங்க. அணைச்சுப்போடுங்க."

"அது பிரிட்ஜு சாமி. நமக்கு டீசல்தான, பத்திக்காது. போடு," என்றார் ஜெயபிரகாஷ்.

"உங்குளுக்கு டீசலுங்க. பக்கத்துல பெட்ரோலு போடறாங்க, பாருங்க."

சுகன்யா இறங்கி வந்தாள். "அணைக்க முடியாதுங்க. ராத்திரி முச்சூடும் ஓடித்தான் குளுந்துச்சு. அணைச்சா மறுக்கா லேசுல பத்தாதுங்க. உள்ள எம் புள்ளைக்கு மருந்து இருக்குது."

"பத்து நிமிசந்தானுங்கக்கா."

"அன்னைக்கும் பத்து நிமிசத்துல கரண்டு வந்துரும்னுதான் சொன்னாங்க," என்றாள் சுகன்யா. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

'அன்னைக்கு' என்பது போன கோடை. ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மருந்து கெட்டுப்போனது பார்வைக்குத் தெரியவில்லை. அதையே சுகன்யா தன் கையால் மகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஏறி யாழினி ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தாள். அதிலிருந்து சுகன்யா ஓயாமல் பிரிட்ஜைத் திறந்து மருந்தைத் தொட்டுப் பார்ப்பாள். திறக்கத் திறக்கத்தான் குளிர் போகும் என்று டாக்டர் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்து, வந்ததும் திறந்து பார்த்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

4

முடிவு, ஒன்று: "திடீரென்று—" எழுத மாட்டேன். பலகைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று நவநீதகிருஷ்ணன் சொல்லக்கூடும். பாடம் சொல்வதற்காக ஒரு குழந்தையை எரிக்க எனக்கு மனசு வராது.

முடிவு, இரண்டு: சித்ரா கேஸ் பிரிட்ஜைப் பற்றி விளக்க, எல்லோரும் வாயடைத்து— அவளுக்குக் கேஸ் பிரிட்ஜைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான்.

5

நான் நம்புவது இது. பக்கத்துப் பெட்ரோல் வரிசையில் ஒரு பைக் நின்றது. பெட்ரோல் போடுவதற்காக அப்பா தூக்கி இறக்கிய சின்னப் பெண் குழந்தை ஒன்று, அழுகிற சுகன்யாவை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. சித்ரா அதைச் சுட்டிக்காட்டவில்லை. சுகன்யாவே பார்த்தாள். அது நின்ற இடத்துக்கும் சல்லடைக்கும் நடுவில் இருந்த தூரத்தையும் பார்த்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். பிரிட்ஜின் குமிழைத் திருப்பித் தீயை அணைத்தாள், சிலிண்டரையும் மூடினாள்.

"போடுங்க," என்றாள் சித்ராவிடம்.

6

பங்கைத் தாண்டி வெகுதூரம் வந்து, முட்டை லாரிகள் நிற்கும் காலி இடத்தில் ஜெயபிரகாஷ் வண்டியை நிறுத்தினார். சிலிண்டரைத் திறந்து, பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினார். டிக். பிடிக்கவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி டிக்.

"காத்து அணைக்குதாட்ட இருக்குது," என்றார். இந்தத் தடவை குரலில் அந்தப் பழைய தைரியம் இல்லை.

சுகன்யாவின் கை பிரிட்ஜ் கதவுக்குப் போனது. யாழினி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை.

"தள்ளு சாமி, ஒருக்கா தொட்டுப் பாத்துக்கறேன்."

"நீ தொறக்காம இருந்தீன்னாவே குளுந்துதாம்மா இருக்கும்."

"பாக்காம எப்படிடி நான் உனக்கு ஊசி போடறது?"

யாழினி அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

7

நடுவில் நவநீதகிருஷ்ணனின் போன். பலகை என்னாச்சு? அனுப்பினேன்:

கேஸ் பிரிட்ஜின் தீயை அணைத்துவிட்டு உள்ளே வரவும்.
வெளியே போன பிறகு பற்றவைக்கவும்.
அதுவரை கதவைத் திறக்காதீர்கள், குளிர் எங்கேயும் போகாது.

"ரெண்டு வரிதான கேட்டேன். மூணாவது எதுக்குங்க?"

"அழுதாங்களே, அந்தம்மாவுக்கு."

"சரிங்க, இருக்கட்டும்," என்றார்.

8

வண்டி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. திருப்பினால் ஒரு மணி நேரத்தில் வெண்ணந்தூர். நேராகப் போனால் கரூர், மதுரை, அப்புறம் கடல். தீ பிடித்தது என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் சுகன்யா நம்பப்போவது என் வரியை அல்ல, மகளை. அதை நான் எழுதித் தர முடியாது.

அதனால் பொத்தானை உங்களிடம் விட்டுவிடுகிறேன். காற்றை முதுகால் மறைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அதற்குள் சுகன்யா கதவைத் திறந்தாளா என்று திரும்பிப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் கை மகளின் மடியில்தான் இருந்தது.