இரண்டாம் மாடி சிஸ்டர்

இன்சுலின் போட்ட நோயாளி முதல் வாய் சாப்பிடும்வரை நின்று பார்த்துவிட்டு நகர்வதுதான் ரஞ்சனியின் வழக்கம். அன்றைக்கு நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இரண்டாம் மாடி வார்டில் படுத்திருந்த சௌரிராஜன் மாமாவுக்கு ஊசியைப் போட்டு, இட்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "சூடா இருக்கு மாமா, உடனே சாப்பிட்டுடணும்" என்று சொல்லும்போதே அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. "ஆகட்டும்மா, நீ போய் ஒன் காரியத்தைப் பாரு" என்றார் அவர். பக்கத்தில் மாமியும் தலையாட்டினாள். நான்காவது மாடியில் ஐ.சி.யூ. வேலைக்கு நேர்காணல். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடினாள் ரஞ்சனி.

அந்த ஐ.சி.யூ. மேல் அவளுக்கு இருந்தது வெறி என்றே சொல்லலாம். திருவெள்ளறையில் வயலும் வரப்புமாகக் கிடந்த குடும்பத்தில் நர்சிங் படித்த முதல் பெண். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கேட்டாலும் "ஐ.சி.யூ. அனுபவம் உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. இங்கேயோ வார்டை விட்டு நகர விட்டால்தானே! அவளுக்குப் பின்னால் சேர்ந்து, அவள் கையைப் பார்த்து நரம்பில் ஊசி போடப் பழகிய ஆஷ்லி மேலே போய் ஒரு வருஷமாகிறது. ரஞ்சனி கேட்டபோதெல்லாம் மேட்ரன் ஆனந்தவள்ளி ஒரே பாட்டைத்தான் பாடினார்: "ஒன்னை விட்டா ஸ்ரீரங்கத்து ஆளுங்களை யாரு சமாளிக்கிறது?"

காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும் பெரியவர்களுக்கெல்லாம் ரஞ்சனிதான் வேண்டும். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் திருமண் இட்டுக்கொள்ள அவகாசம் கொடுப்பாள். துளசித் தீர்த்தம் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டு வந்து சொல்வாள். ஏகாதசி என்றைக்கு வருகிறது என்று காலண்டரைப் பார்த்து, முதல் நாளே டாக்டரிடம் சொல்லி இன்சுலின் அளவைக் குறைக்க வைத்து, கேண்டீனில் பாலும் பழமும் சொல்லிவைப்பாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். ஒழுங்காக வேலை செய்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் பொருமுவாள். நாலு பேரிடம் எரிந்து விழுந்திருந்தால் என்றைக்கோ மேலே தள்ளிவிட்டிருப்பார்கள்.

நேர்காணல் நன்றாகத்தான் போனது. ஐ.சி.யூ. பெரிய டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் வென்டிலேட்டரைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அப்போது பார்த்தா அந்த மேஜை போன் அடிக்க வேண்டும்! அவளுக்குத்தான். கீழே வார்டிலிருந்து சின்ன நர்ஸ் அல்ஃபியா.

"அக்கா, சௌரிராஜன் மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறார்."

"சாப்பிட்டாரா?"

"தட்டு காலியாத்தான் இருக்குக்கா."

சாப்பிட்டவருக்கு இப்படி வேர்க்காதே! ஐயோ, இன்றைக்கு ஏகாதசி! நேர்காணல், நேர்காணல் என்று புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்ததில் இந்தத் தடவை காலண்டர் பக்கமே போகவில்லை. "டூட்டி டாக்டரைக் கூப்பிடு, சுகர் பாரு, குளுக்கோஸ் ஊசி எடுத்து வை" என்று கத்திவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. டூட்டி டாக்டர் பக்கத்தில் நிற்க, குளுக்கோஸை நரம்பில் மெல்ல ஏற்றினாள். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஏகாதசியும் அதுவுமா ஒரு பருக்கை தொடமாட்டேன்னுட்டார். சொன்னா நீங்க எல்லாம் கோச்சுப்பேளேன்னு இட்லியைப் பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட குடுத்துட்டேன்." பக்கத்துக் கட்டிலில் மனைவியைப் பார்த்துக்கொள்ளப் பச்சைமலையிலிருந்து வந்திருந்த வீரமலை, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சிஸ்டர். அம்மா குடுத்தாங்க, சாப்பிட்டுட்டேன்." யாரைத் திட்டுவது? திட்டினால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

மாமா கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "விரதம் போயிடுத்தோ?"

"ஊசியில ஏத்தினதெல்லாம் கணக்குல வராது மாமா. ஆனா இப்போ பால் குடிச்சே ஆகணும். பால் ஏகாதசிக்கு ஆகும்."

அவர் முகம் மலர்ந்தது. பாலை மறுக்காமல் குடித்தார். "இதுக்குத்தான் ரஞ்சனி வேணுங்கறது. நேத்திக்கே மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன், இந்தப் பொண்ணை எங்கேயும் மாத்தப்படாதுன்னு." கொல்ல இருந்தவளைக் கட்டிப்போட்டு வைத்துக்கொள்கிறாரே மனுஷன் என்று ரஞ்சனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வராந்தாவில் மேட்ரன் நின்றிருந்தார். "நான்தான் மேடம். இன்சுலின் போட்டுட்டு நிக்காம போயிட்டேன்" என்றாள் ரஞ்சனி.

மேட்ரன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சத்தமா சொல்லாதே. பேஷன்ட் சொல்லாம பட்டினி கெடந்தார், அவ்வளவுதான். ரிப்போர்ட்டெல்லாம் வேணாம், நான் பாத்துக்கறேன். மேல போற கிறுக்கை விட்டுட்டு வார்டைப் பாரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தத் தட்டல்தான் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதிடறேன் மேடம்."

"பைத்தியமா ஒனக்கு? எழுதினா ஐ.சி.யூ. கனவுலகூடக் கெடைக்காது."

"நீங்க மறைச்சாலும் கெடைக்காதே மேடம்."

ரஞ்சனி ரிப்போர்ட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாமாவுக்கு மறுபடியும் சர்க்கரை பார்த்தாள், ஏறியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கும்படி அல்ஃபியாவிடம் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

நேர்காணல் அறைக்கு வெளியே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கடைசி ஆள் உள்ளே இருந்தது. ஐ.சி.யூ.விலிருந்து எட்டிப் பார்த்த ஆஷ்லி, "அக்கா, நீங்க பாதியில ஓடினதுல சார் கடுப்புல இருக்கார். ஏன்னு கேப்பார்" என்றாள்.

"கேக்கட்டும். சொல்லத்தான் வந்திருக்கேன்" என்று உட்கார்ந்தாள் ரஞ்சனி. கையெல்லாம் குளுக்கோஸ் பிசுபிசுத்தது.

மைக் கரகரத்தது. "ரஞ்சனி சிஸ்டர், இரண்டாவது மாடிக்கு வரவும்." கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. அல்ஃபியாவுக்குப் போன் போட்டாள். "மாமாவுக்கு என்ன?"

"அவர் நல்லா பேசிட்டிருக்கார்க்கா. ஸ்ரீரங்கத்துலேருந்து புதுசா ஒரு அட்மிஷன். ரஞ்சனி சிஸ்டர் வந்தாத்தான் ஊசி போட்டுப்போம்னு உக்காந்திருக்காங்க."

"நீ போடு. ஒன் கை நல்ல கைதான்" என்று போனை வைத்தாள்.

மைக் மறுபடியும் அவள் பெயரைச் சொன்னது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரஞ்சனி. எதிரே அறைக் கதவு திறந்து, கடைசி ஆள் வெளியே வந்தது. உள்ளேயிருந்து ஏ.சி. குளிர் வந்து முகத்தில் அடித்தது.