வீட்டு இலக்கம்

டென்மார்க்கிலிருந்து ஒரு கம்பெனி பதுளைக்குக் கிளை போட வந்தது. வந்தது என்றால், மார்ட்டின் என்ற ஓர் ஆள் மடிக்கணினியோடும் எதைப் பார்த்தாலும் பிளக்கிற வாயோடும் வந்தான். அங்கே ஒருவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் இங்கே ஒரு அறை நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தட்டச்சு செய்விக்கலாம் என்று கண்டுபிடித்தவன். அதற்கு அவன் வைத்திருந்த பெயர், மலையகத்துக்கு வாய்ப்பளித்தல்.

கிளையைப் போட்டது நான். பஜார் வீதியில் துணிக்கடைக்கு மேலே இடம் பிடித்தேன். வயரிங்காரன், இன்டர்நெட்காரன், மாநகர சபை என்று அலைந்து செருப்புத் தேய்ந்தது. பிள்ளைகளைப் பேசி எடுத்ததும் நான்தான். "இந்தக் கிளைக்கு நீதான் தலைவி, சுதர்ஷினி" என்று மார்ட்டின் மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் நம்பினேன். அப்பா அதை எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கம்பெனியைப் பதிவதற்கு, இலங்கையில் குடியிருக்கும் தலைவரின் விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். கிராம சேவகரின் கடிதத்தைக் கொடுத்தேன். அதில் தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் இருந்தன. டென்மார்க் வக்கீல்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டு இலக்கம் எங்கே? தெரு எங்கே? உன் பெயரில் கரண்ட் பில் எங்கே?

ஒரே கூரையின் கீழ் வரிசையாய்க் கட்டிய லயத்து அறைகளுக்கு ஏது தெரு? எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கருக்கு மனம் வந்தால் எங்கள் கைக்கு வரும். பாட்டன் பூட்டன் பிறந்து செத்த இடம்தான். எங்கள் பெயரில் ஒரு சுவர்கூட இல்லை. இதையெல்லாம் மார்ட்டினுக்கு விளக்கினேன். "மிகவும் சுவாரசியம்" என்றான். சுவாரசியமாம்!

அடுத்த வாரம், எங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த கட்டடக்காரரின் மகன் ஷிபான் தலைவர் ஆகிவிட்டான். கணினியை அணைக்கத் தெரியாமல் ப்ளக்கைப் பிடுங்குகிறவன். ஆனால் அவன் பெயரில் கரண்ட் பில் இருந்தது. கையெழுத்துக்கு ஓர் ஆள், வேலைக்கு ஓர் ஆள் என்று இரண்டு தலைவர்களை வைக்கக் கம்பெனிக்கு வசதியில்லையாம். வேலை மட்டும் என்னிடமே இருந்தது.

ஷிபானுக்கே வெட்கம். "நான் என்ன செய்ய, தங்கச்சி? பில்லக் கேட்டாங்க, குடுத்தேன். பொறகுதான் விஷயத்தச் சொன்னாங்க. எனக்கு இது ஒண்ணும் வெளங்காது. நீங்களே பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் என்னை நம்பி வந்தவர்கள், விட்டுவிட்டு எங்கே போவது?

அப்பா கேட்டது இன்னும் மோசம். "ஏம்மா, நம்ம தொரகிட்ட சொல்லி வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டுத் தரச் சொல்லவா?" வேலையிலிருந்து நின்ற பிறகும் அவருக்குத் தோட்டத்தை நடத்தும் துரைதான் கடவுள். ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவரும் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் மார்ட்டின் ஒரு புகைப்படக்காரனோடு வந்து நின்றான். கம்பெனியின் இணையதளத்துக்குப் படம் வேண்டுமாம். லயத்து வாசலில் நான், பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு அம்மா.

"நம் கிளையின் கதையே உன் வீடுதான். படத்துக்குக் கீழே 'கிளைத் தலைவி' என்று போடுவோம்" என்றான். முகத்தில் அவ்வளவு பரவசம். கீழே வேன் நின்றது. டிரைவருக்கு விலாசம் வேண்டுமாம்.

பிள்ளைகள் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"எந்த வீடு?" என்றேன். "எனக்கு ஒரு விலாசமே இல்லை என்று உங்கள் வக்கீல்கள்தானே எழுதினார்கள்? வழியையும் அவர்களிடமே கேளுங்கள்."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்தி, மூலையில் உட்கார்ந்திருந்த ஷிபானைப் பார்த்தான்.

ஷிபான் எழுந்து என்னிடம் சொன்னான்: "எங்க ஊட்டப் படம் எடுக்கச் சொல்லுங்க, தங்கச்சி. அங்கதானே நம்பர் இருக்கு."

அதை ஒரு சொல் விடாமல் மார்ட்டினுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.