நிறம் பார்ப்பவள்

சுப்பண்ணன் கன்னத்தில் பிளாஸ்திரியோடு வந்து, வாய் உடைந்த கொடுவாளைப் பட்டறை வாசலில் போட்டார். வேலாங்கிளை வெட்டும்போது இரும்புச் சில்லு தெறித்து, கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கிழித்திருந்தது. செய்து கொடுத்து நாலு நாள்கூட ஆகவில்லை.

"என்ன ஆசாரி இது? கண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

ஞானாம்பாள் சம்மட்டியை இறக்கிவிட்டுப் புருஷன் மயில்சாமியைப் பார்த்தாள். சேவூரில் சம்மட்டி அடித்த ஆட்களெல்லாம் பனியன் கம்பெனிக்குப் போய்விட, அவள் பனியன் கம்பெனியை விட்டுச் சம்மட்டிக்கு வந்தவள். பதினோரு வருஷம் செக்கிங் மேஜையில் நின்று, துணியின் ஒரே சிவப்பில் இரண்டு சிவப்பைப் பிரித்த கண் அவளுக்கு. மயில்சாமிக்கோ கண்ணில் புரை. ஆபரேஷன் என்றாலே எரிந்து விழுவான். ஊருக்குத் தெரிந்தால் ஒருத்தரும் வேலை கொண்டுவர மாட்டார்கள் என்ற பயம் வேறு. உலையில் காய்ந்த இரும்பை எந்தச் சிவப்பில் தண்ணீரில் தோய்ப்பது என்று இரண்டு வருஷமாக அவள்தான் பார்க்கிறாள். பதம் வந்ததும் சம்மட்டியால், இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவன் எடுத்துத் தோய்ப்பான். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஆசாரியின் கைவேலை.

இந்தக் கொடுவாளைத் தோய்த்த அன்றைக்கும் தட்டினாள். பக்கத்தில் நின்ற சுப்பண்ணன்தான், வீட்டுக்காரி தட்டினால்தான் எடுப்பாயா என்று கேலி பேசினார். அவ்வளவுதான், ஆசாரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி தட்டியும் எடுக்கவில்லை. இரும்பு வெளுத்து, நொறுங்கும் பதத்துக்குப் போன பிறகுதான் எடுத்துத் தோய்த்தான்.

அதை இப்போது ஒத்துக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாவது இருப்பான் என்று நினைத்தாள்.

"பொம்பளைய வெச்சுச் சம்மட்டி அடிச்சா இப்படித்தானுங்க. அடி ஒரேமாதிரி உழுகறதில்லீங்க," என்றான் மயில்சாமி, அவள் முகத்தைப் பாராமல்.

"ஏனம்மிணி, பாத்து அடிக்கக் கூடாதா?" என்றார் சுப்பண்ணன், சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல.

தோள்பட்டை தேய இரண்டு வருஷம் அடித்ததற்கு இதுதான் மிச்சம்.

கையோடு வேறொன்று தருவதாகச் சொல்லி, அடித்து, இன்னும் தோய்க்காமல் வைத்திருந்த புதுக் கொடுவாளை மயில்சாமி உலையில் செருகி, காற்று மோட்டாரைப் போட்டான். சுப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய்ப்பக்கம் மங்கலாகச் சிவந்து, பிறகு அவளுக்குத் தெரிந்த அந்தச் சிவப்புக்கு வந்தது.

இரும்பைக் கவ்விய குறட்டைப் பிடித்தபடி மயில்சாமி தொண்டையைச் செருமினான். இன்னொரு தரமும் செருமினான்.

ஞானாம்பாள் சம்மட்டியைத் தரையில் நிறுத்தி, காம்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளுக்கத் தொடங்கியது. இரும்பிலிருந்து பூப்பூவாகப் பொறி தெறித்தது. மயில்சாமியின் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.