வாடையே இல்லை என்றான் தம்பி

கூட்டம் தொடங்கும் முன்பே எல்லோர் கையும் மூக்குக்குப் போய்விட்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம், அழுகிய முட்டையும் கரிந்த ரப்பரும் கலந்தது, யாரும் அழைக்காமலே ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. ஆலையை விரிவாக்கலாமா என்று ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். வேண்டாம் என்பவர்கள் இடப்பக்கம், வேண்டும் என்பவர்கள் வலப்பக்கம். நான் இடம். மீசை முளைத்த நாளிலிருந்து அங்கே பம்ப் ஆபரேட்டராக இருக்கும் என் தம்பி வலம்.

"எண்ணெயே வேணாங்கிறீங்களே, எதுல வந்தீங்க?" என்று எதிர்ப்பக்கம் ஒருவர் கேட்டார்.

"பஸ்லதான். காத்துல ஓடுற பஸ்ஸ நீங்க இன்னும் விடலையே" என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. என் அடுப்பு எரிவதே அந்த ஆலை வேலிக்குள்ளிருந்து வரும் கேஸால்தான். பேசிப் பேசி எல்லாம் மரத்துப்போயிருந்தது.

தொழிற்சங்கத்தின் சார்பில் தம்பி மைக்கைப் பிடித்தான். "நாத்தம் நாத்தம்னு சும்மா பயமுறுத்துறாங்க. நான் தினமும் உள்ளயே நிக்கிறேன், ஒரு வாடையும் அடிச்சதில்ல. இப்பகூட பாருங்க, எவ்வளவு நல்ல காத்து!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது, அவன் பக்கத்துக்காரர்கள்கூடக் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். அவனும் அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். சிவக்கவில்லை. போன வாரம் என் வீட்டில் அடிப்பிடித்துத் தீய்ந்த பாலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மோப்பம் போனவனை ஆலைக்குள் விடமாட்டார்கள். வாயு கசிந்தால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது மூக்குதான். இதை இங்கே போட்டு உடைத்தால் கூட்டம் எங்கள் பக்கம் சாயும், அவன் வேலை போகும். சொல்லாமல் விட்டால் என்றைக்காவது ஒருநாள் அவனே போவான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்து நான் பேச வேண்டும். மைக்கைக் கொடுக்கும்போது குனிந்து மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்க?"

மைக்கின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அத்தனை கைக்குட்டைகளுக்கும் நடுவே அவன் மட்டும் நெஞ்சு விரிய மூச்சை இழுத்துவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.