ஓட்டுக் கேட்கிற வழி

மகள் அனீஸாவின் நிக்காஹுக்கு ஊரில் ஒரு வீடு விடாமல் அழைக்க வேண்டும் என்று ஜெக்கரியா முடிவு செய்தார். பாதி ஆயுளை ஷார்ஜாவில் கழித்துவிட்டுத் திரும்பியவர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யார் பாகம் பிரித்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போனார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. ஒருவரை விட்டுவிட்டாலும் சாகிறவரை சொல்லிக் காட்டுவார்கள். அதனால் நடராசனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

நடராசன் எந்தக் கட்சி என்று யாராலும் சொல்ல முடியாது. யார் தேர்தலில் நின்றாலும் முன்னால் நடந்து கதவைத் தட்டுகிறவர் அவர்தான். எல்லா வீட்டிலும் அவருக்கு உறவு முறை உண்டு.

"நீங்க கும்பிட்டுக்கிட்டே பின்னாடி வாங்க பாய். பேசறத நான் பேசிக்கிறேன்" என்றார்.

சம்பா அறுவடை முடிந்திருந்தது. வயல்களில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. தார் ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்தது. வடக்கே பிள்ளையார் கோயிலில் தொடங்கினார்கள். நடராசன் முதல் பத்திரிகையைப் படியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெக்கரியா வெளியே நின்று மரியாதைக்குக் கைகூப்பினார். அங்கிருந்து மேலத்தெரு, குளத்துக்கரை, காலனி, மீன்காரத் தெரு. கடைசியில் தர்கா வாசல்.

மேலத்தெருவில் ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு வந்தாள். ஜெக்கரியா திரும்பிப் பார்த்தார். "ஏதாச்சும் போடுங்க பாய்" என்றார் நடராசன். போட்டார். குளத்துக்கரையில் ஒரு பெரியவர் பத்திரிகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்னம் இன்னும் குடுக்கலியா?" என்று கேட்டார். அவருக்கு வயதாகிவிட்டது என்று ஜெக்கரியா நினைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு அழைக்கப் போனால் ஆரத்தி எடுப்பது அவர் ஊரில் இருந்த காலத்தில் கிடையாது. இல்லாத காலத்தில் வழக்கம் மாறியிருக்கலாம்.

மீன்காரத் தெருவில் எல்லையம்மாள் பத்திரிகையைப் பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வாய்க்கால் பாலம் இடிஞ்சு கெடக்கு பாய். தலையில மீனு சட்டியோட தண்ணியில எறங்கி ஏறுறேன். நீங்களாச்சும் செஞ்சு குடுங்க."

அழைக்கப் போன இடத்தில் முடியாது என்று எப்படிச் சொல்வது? "பாக்கலாம்மா" என்றார்.

அந்த ஒரு சொல் அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் காயாரோகணம் டீக்கடைக்குப் போனபோது பெஞ்சில் இடம் விட்டார்கள். இதற்கு முன் யாரும் விட்டதில்லை.

"எல்லாருக்கும் டீ நம்ம கணக்கு" என்றார் ஜெக்கரியா. மகள் கல்யாண சந்தோஷம்.

"இப்பவேவா பாய்?" என்றார் கடைக்காரர் காயாரோகணம். "தேதி வரட்டும்."

"தேதிதான் வந்தாச்சே. பத்திரிகையில போட்டிருக்கே."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஜெக்கரியாவும் சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை.

"பாய் வெவரமான ஆளுய்யா" என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். "இவரு நின்னா அல்லா பிச்சை ஓட்டுத்தான் ஒடையும். இது முருகையன் வேல."

"போய்யா. அல்லா பிச்சையே எறக்கி விட்ட டம்மி. அவரு அக்கா மகனுக்குத்தான இவரு பொண்ணக் குடுக்குறாரு? கடைசியில வாபஸ் வாங்கிக்குவாரு."

"யாரு எதுல நிக்கிறா?" என்று கேட்டார் ஜெக்கரியா.

"அதத்தான் பாய் நாங்களும் கேக்குறோம். யாரு நிக்கிறா?"

அந்த நேரம் முருகையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். போன முறை ஊராட்சி பிரசிடெண்டாக இருந்தவர். இறங்கவில்லை. "கேள்விப்பட்டேன் பாய். யார் வேணா நிக்கலாம். ஜனநாயகம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவி பாத்திமாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் தலையில் போட்டிருந்த முட்டாக்கை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பிள்ளையார் கோயில்ல ஆரம்பிச்சு தர்காவுல முடிச்சீங்களா? முன்னாடி நடராசனா? அது ஓட்டுக் கேக்கற வழிங்க. நிக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. நீங்க ஒரு தேர்தலுக்காச்சும் ஊர்ல இருந்திருந்தா தெரியும்."

ஊராட்சியின் பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனால் பேச்சு நிற்கவே இல்லை. முருகையன் மறுபடி நிற்பார். அல்லா பிச்சை நிற்பார். மூன்றாவது ஆள் யார் என்று ஊர் தேடிக்கொண்டிருந்தது. இப்போது கண்டுபிடித்துவிட்டது.

ஜெக்கரியாவுக்கும் சிரிப்பு வந்தது. அல்லா பிச்சை வரச் சொல்லி ஆள் அனுப்பும் வரை.

அல்லா பிச்சை அவருடைய கூட்டாளி. ஒன்றாகப் படித்து, ஒன்றாக வெட்டாற்றில் குதித்தவர்கள். தன் அக்காள் மகன் ஜாஹிதுக்கு அனீஸாவைக் கேட்டுப் பேசி முடித்ததும் அவர்தான்.

"வாங்க. உக்காருங்க" என்றார் அல்லா பிச்சை.

"என்னடா புதுசா வாங்க போங்கன்னு?"

"பெரிய மனுசன். மரியாத குடுக்கணும்ல."

"பிச்ச, சத்தியமா நான் நிக்கலடா."

"எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் அஞ்சு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நடராசன் கூட்டிக்கிட்டுப் போனான், போனேன்."

"நடராசனக் கூப்பிட்டது யாரு?"

ஜெக்கரியாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அது போதும் என்று பட்டது.

"எனக்கு இந்த ஊர்ல ஓட்டே இல்லடா. ஷார்ஜாவுல இருந்தப்ப பேர எடுத்துட்டாங்க. நான் திரும்பச் சேக்கவே இல்ல. ஓட்டு இல்லாதவன் எப்படி நிக்கிறது?"

அல்லா பிச்சை மின்விசிறியைப் பார்த்தார்.

"பாத்திமாவுக்கு ஓட்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சரிதான். இந்தத் தடவ லேடீஸுக்கு ஒதுக்கப் போறாங்கன்னு பேச்சு. உங்களுக்கும் சேதி வந்துடுச்சு."

தான் நிற்கவில்லை என்று சொல்லப் போன இடத்தில் மனைவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார் ஜெக்கரியா.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றார் அல்லா பிச்சை. "ஒரே ஊர்ல எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு சம்பந்தம் பண்ணினா ஊரு சிரிக்கும். எலெக்ஷன் முடியட்டும். அப்புறம் நிக்காஹ் வெச்சுக்கலாம்."

"எலெக்ஷன் எப்ப?"

"யாருக்குத் தெரியும்?"

ஜாஹித் கத்தாரிலிருந்து இந்தக் கல்யாணத்துக்காக வந்திருந்தான். லீவு முடியப் போகிறது. அடுத்த லீவு அவனுடைய கம்பெனி மனது வைத்தால்தான். ஜெக்கரியா வீட்டுக்கு வந்தபோது அனீஸாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. போனில் பேசுகிற சத்தம் இல்லை. அவளுக்கும் சேதி போய்விட்டிருந்தது.

நடராசனைத் தேடிப் பிடித்தார். "நான் நிக்கலேன்னு ஊருக்குச் சொல்லணும் நடராசா. என்ன வழி?"

"அதுக்கென்ன பாய். வீடு வீடா போய்ச் சொல்லிடுவோம்."

"எங்கேருந்து?"

"பிள்ளையார் கோயில்லேருந்து ஆரம்பிச்சு..."

ஜெக்கரியா திரும்பி நடந்தார். போகிற வழியில் இரண்டு பேர் தெருவிளக்கு எரியவில்லை என்றார்கள். அவர் நிற்காமல் போனார். "இப்பவே மதிக்கல பாரு" என்று பின்னால் கேட்டது.

வீட்டில் பாத்திமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"அவர நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க."

"நீ என்ன பேசுவ?"

"வரட்டும்."

மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அல்லா பிச்சை வந்தார். கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். பாத்திமா டீயை வைத்துவிட்டு உள்கதவோரம் நின்றாள்.

"அண்ணே, லேடீஸுக்குத்தான்னு உறுதியாயிடுச்சா?"

"உறுதின்னு இல்லம்மா. பேச்சு."

"ஒருவேள அப்படி வந்துட்டா உங்க வீட்டுல யாரு நிப்பாங்க? மச்சி நிப்பாங்களா?"

அல்லா பிச்சை டீயைப் பார்த்தார். "எம் பொண்டாட்டியா? கேட்டேன். பேசினா பிள்ள வீட்டுக்குப் போயிடுவேங்கிறா."

"அப்ப?"

அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். இந்தக் கேள்வி அவரிடம் முன்பே இருந்தது என்று ஜெக்கரியாவுக்குத் தோன்றியது. ஐந்து வருடமாக எல்லாச் சாவு வீட்டுக்கும் முதலில் போய்க் கடைசியில் திரும்புகிறவர். மனைவி மாட்டேன் என்றால் அத்தனையும் வீண்.

"நான் நிக்கலாம்ணே" என்றாள் பாத்திமா. "நிக்காமலும் இருக்கலாம். நீங்க நிறுத்துற ஆளாவும் நிக்கலாம். எதையும் யோசிக்க முடியல. எம் பொண்ணு நிக்காஹ் முடியாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"ஜெனரலா வந்தா?"

"ஜெனரலா வந்தா நீங்கதான். இவருக்குத்தான் ஓட்டே இல்லியே."

இரண்டு பேரும் ஜெக்கரியாவைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. இவ்வளவு நாளும் இந்தப் பெண்ணோடு போனில்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று மட்டும் பட்டது.

அல்லா பிச்சை டீயைக் குடித்து முடித்தார். "வெள்ளிக்கெழமதான?" என்றார்.

"பத்திரிகையில போட்டிருக்குண்ணே. மாத்தினா அதுக்கும் ஊர்ல நாலு அர்த்தம் சொல்லுவாங்க."

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஜெக்கரியாவின் தோளில் கை வைத்தார். "டேய், அந்த நடராசன மட்டும் இனிமே கிட்ட சேக்காத."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. ஊரே வந்தது. வராமல் இருந்தால் யார் பக்கம் என்று பேச்சு வரும், அதற்குப் பயந்து எல்லோரும் வந்தார்கள். இந்துக் கூட்டாளிகளுக்கு இலை போட்டு சைவச் சாப்பாடு தனிப் பந்தலில். மற்றவர்களுக்கு சஹன். பெரிய தட்டில் சோறு, சுற்றி நான்கு பேர். முருகையன் இலைக்குப் போகவில்லை. நேராகச் சஹன் பந்தலுக்கு வந்து அல்லா பிச்சைக்கு எதிரே சம்மணம் போட்டார். இருவரும் ஒரே தட்டில் கை வைத்தார்கள். முருகையன் கறித்துண்டை எடுத்து அல்லா பிச்சையின் பக்கம் தள்ளினார். அல்லா பிச்சை அதைத் திரும்பத் தள்ளினார். மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

"முருகையன் விட்டுக் குடுத்துட்டாரு" என்றார் காயாரோகணம்.

"இல்லய்யா, பிச்சை விட்டுக் குடுத்துட்டாரு. கறி எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தியா?"

"கறி நடுவுல கெடக்குய்யா."

ஜெக்கரியா அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீர்ச் செம்போடு கடந்து போனார். அவருக்கு எது எப்படி ஆனாலும் சரி. மகளுக்கு ஜாஹிதோடு நிக்காஹ் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வீடு வெறிச்சென்றிருந்தது. பாத்திமா பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே நிக்கப் போறியா?" என்று கேட்டார்.

"எலெக்ஷன் எப்பங்க?"

"தெரியல."

"லேடீஸுக்கா?"

"தெரியல."

"அப்ப எனக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?"

அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தார். முகம் பாத்திரத்துக்குள் இருந்தது.

வாசலில் எல்லையம்மாள் மீன் சட்டியை இறக்கி வைத்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஜெக்கரியா எழுந்தார்.

"பாலம் விஷயமா அன்னிக்கு நான் சொன்னது..."

"அத விடுங்க பாய்" என்று எல்லையம்மாள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "அக்கா இருக்காங்களா?"

பாத்திமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. பாலம் எந்தப் பக்கம் இடிஞ்சிருக்கு? கரைப் பக்கமா, நடுவுலயா?"

எல்லையம்மாள் உட்கார்ந்து கையால் காற்றில் பாலத்தைப் போட்டுக் காட்டினாள். பாத்திமா குனிந்து கேட்டாள். ஜெக்கரியா இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, வந்தவளுக்கு டீ கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அடுப்படிக்குப் போனார். பாலைச் சூடு பண்ணினார். சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. பாத்திமாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.