திரையில் விழுந்த மொட்டை

காஞ்சனா அவசரமாகத் துப்பட்டாவால் முகத்தை மூடினாள்.

"வாய மூடிக்கினு படம் பாக்க மாட்டியாடி?" என்று தோழி மாதவி கிள்ளினாள்.

திருப்பதியில் இருந்த அந்தத் தியேட்டரின் திரையில், புத்தி பேதலித்த நாட்டியக்காரி கண்ணாடி முன் தன் தலையைத் தானே மழித்துக்கொண்டிருந்தாள். மொட்டையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் காஞ்சனா, "கோவிந்தா!" என்று கத்திவிட்டிருந்தாள். தியேட்டரே பதிலுக்கு "கோவிந்தா!" போட்டிருந்தது.

கம்ப்யூட்டர் கிளாஸ் என்று புளுகிவிட்டுப் புத்தூரிலிருந்து வந்தவள் அவள். நைனாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும்.

அவள் குரல் கேட்டு முன்வரிசை ஆசாமி திரும்பினார். சாட்சாத் நைனாவேதான்!

"நைனா, கிளாஸு இன்னிக்கி..."

"அத்த உடும்மா. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத!"

நைனா ஏன் கெஞ்சுகிறார்? திரை வெளிச்சத்தில் விடை பளபளத்தது. மலைக்குப் போய் மொட்டை போடுவதாகக் காலையில் கிளம்பியவரின் தலையில், எண்ணெய் தடவி வாரிய கிராப்பு கலையாமல் இருந்தது.